தத்துப் பிள்ளையும் சபையும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மதுரை அம்மா:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு எட்டு வயது. தத்து என்பது மூன்று வயதிலிருந்தே தெரியும், பார்வோன் மகள் எடுத்து வளர்த்த மோசேயின் கதையோடு சேர்த்துச் சொல்லியே வளர்த்தோம். போன மாத உபவாசக் கூட்டத்துக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். பள்ளியில் கைக்குக் கிடைத்ததை எறிகிறாள் என்று ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்தேன். தத்துப் பிள்ளை என்பதையும் ஏன்தான் எழுதினேனோ. அவள் தலையில் கை வைத்து, மைக்கில், பெற்றவளின் பாவமும் பரம்பரைச் சாபமும் இப்போதே முறியட்டும் என்று ஜெபித்தார். கூட்டம் ஆமென் போட்டது. நானும் போட்டேன். அதுதான் உறுத்துகிறது. திரும்பி வரும்போது ஸ்கூட்டியின் பின்னாலிருந்து கேட்டாள்: "அந்த அம்மா என்ன பாவம் பண்ணாங்க?" ஹெல்மெட்டில் காது கேட்காத மாதிரி ஓட்டினேன். சிக்னலில் நின்றதும் மறுபடி கேட்டாள்.

குமரி அப்பா:
எங்களுடையது 1996. அப்போது கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுக்கச் சட்டமே கிடையாது. 1956 சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும். நமக்கு வெள்ளைக்காரன் 1890-ல் போட்ட கார்டியன் சட்டம்தான். கோர்ட் தாளில் நாங்கள் இருவரும் 'காப்பாளர்', அதுவும் அவள் மேஜர் ஆகும்வரை. சொத்து தானாகப் போகாது என்று வக்கீல் சொன்னதால் உயில் எழுதி வைத்தேன். சரி, அது காகிதம். திருமுழுக்குப் பதிவேட்டில் பெற்றோர் நாங்கள்தான்.

இரண்டு வருஷம் முன்பு கல்யாணம். கோயிலில் கல்யாண அறிவிப்பு, அதாவது முதல் ஓலை, வாசிப்பதற்கு முந்தின ராத்திரி உபதேசியார் போன் செய்தார். "மகள்னு வாசிக்கவா, வளர்ப்பு மகள்னு வாசிக்கவா?" மரியாதையாகத்தான் கேட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கும் எல்லாம் தெரியும். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, கை மட்டும் நின்றது. "மகள்" என்றேன். போனை வைத்த பிறகுதான் அடுத்த பல்லை எடுத்தாள். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசவில்லை.

நெல்லைக்காரன்:
மதுரை அக்கா தப்பாக நினைக்க வேண்டாம், மூன்று வயதில் சொன்னதுதான் பிரச்சினை. எங்கள் பையனுக்குப் பதினொன்று, இன்னும் சொல்லவில்லை. காலேஜ் முடிக்கட்டும். மறைப்பது வேறு, பொய் வேறு. போன கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஓய்வுநாள் பள்ளி டீச்சர் அவனுக்குத் தாடி ஒட்டிவிட்டு, "அப்படியே அப்பா மூக்கு" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான், அவ்வளவு சந்தோஷம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு.

பிள்ளை தரப்பு:
அண்ணா, எனக்கும் காலேஜ் முடியட்டும் என்றுதான் இருந்தார்கள். தாத்தாவை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்ட வாசலில் பெரியப்பா வாயால் வந்தது. எனக்குப் பத்தொன்பது. பைபிளில் ரோமர் எட்டாம் அதிகாரத்தில் புத்திர சுவிகாரம், அதாவது தத்தெடுப்பு, என்று வாசிக்கும்போதெல்லாம் அத்தை ஏன் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று அன்றுதான் புரிந்தது. சபை முழுக்கத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தவிர. உங்கள் பையனுக்கு அந்த மூக்கைப் பிறகு எப்படித் திருப்பித் தருவீர்கள்?

திருச்சி தம்பி:
எங்கள் கதை சின்னது. தத்து விண்ணப்பத்துக்காக வீட்டை விசாரிக்க வந்த அம்மா, சுவரில் பைபிள் வசனங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளை வளர்ந்து சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். என் மனைவி அழுதுவிட்டாள்.

ஆனால் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் கவனியுங்கள். குமரி ஐயா சொன்ன நிலைமை இப்போது இல்லை. சிறார் நீதிச் சட்டப்படி எந்த மதத்தவரும் முழுமையாகத் தத்தெடுக்கலாம், 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சொல்லிவிட்டது. பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளையின் உரிமை எல்லாம் உண்டு. தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் பதிய வேண்டும், பிறகு வீட்டு விசாரணை, பிறகு காத்திருப்பு. 2022 செப்டம்பரிலிருந்து கோர்ட் இல்லை, கலெக்டர் உத்தரவு. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். பாஸ்டருக்குத் தெரிந்த இல்லம், நர்ஸ் அக்காவுக்குத் தெரிந்த பிள்ளை என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், அது குற்றம். அப்புறம் மதுரை அக்கா, அந்தப் பிரசங்கியாரிடம் பைபிளில் எசேக்கியேல் 18 வாசிக்கச் சொல்லுங்கள். அப்பன் அக்கிரமத்தைப் பிள்ளை சுமப்பதில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது.

குமரி அப்பா:
தம்பி, அந்த அக்கா சட்டமும் கேட்கவில்லை, வசனமும் கேட்கவில்லை. அம்மா, சிக்னலில் என்ன சொன்னீர்கள்?

மதுரை அம்மா:
"தெரியல பாப்பா" என்றேன். பாவம் எதுவும் பண்ணவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து பாஸ்டர் பிள்ளைகளை ஆசீர்வதிக்கக் கூப்பிட்டார். எல்லாப் பிள்ளைகளும் முன்னால் போனார்கள், இவளும் போனாள். இரண்டு கையையும் உச்சந்தலையில் வைத்து மூடிக்கொண்டு நின்றாள்.