அப்பா நடைச் செயலியை வெறுக்கிறார். விட்டுவிடலாமா?

கேள்வி: மூத்த மகள்

அப்பாவுக்கு 73 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற ஆண்டு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பியதும், அவருடைய கைபேசியில் அடிகளை எண்ணும் செயலியை நிறுவினேன். அது தானாகவே 10,000 என்று இலக்கு வைத்துக்கொண்டது. முதல் நாள் 1,900 அடி, மறுநாள் 2,100. இரவுதோறும் "இலக்கை எட்டவில்லை" என்ற செய்தி. ஒன்பதாம் நாள் கைபேசியை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, "இதனிடமும் நான் தோற்க வேண்டுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

பதில்: இயன்முறை மருத்துவர்

அந்த 10,000 மருத்துவ அளவே அல்ல. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்கு 'மான்போ-கேய்' என்று பெயர். பத்தாயிரம் அடி மானி என்று பொருள். எண் அங்கிருந்து பரவியதுதான். வயது முதிர்ந்த பெண்களைப் பற்றி 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் வேறுபாடு தெரியவில்லை.

ஒரு வாரம் இலக்கே இல்லாமல் எண்ணட்டும். அந்தச் சராசரியோடு சில நூறு அடிகள் கூட்டினால் போதும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், துடிப்பு எண்ணை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரி. நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் சட்டைப்பையில் இனிப்பு இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதங்களில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில்: கைத்தடிக்காரர், வயது 76

அம்மா, எனக்கு நாட்பட்ட நுரையீரல் நோய். கைத்தடி ஊன்றி மெல்ல நடப்பதால் என் அடிகள் பலவற்றைக் கைபேசி எண்ணுவதே இல்லை. மூச்சு வாங்க நடந்து வந்தவனிடம் "நீ நடக்கவில்லை" என்று ஒரு கருவி சொன்னால் எப்படி இருக்கும்? அதனால் நான் நிமிடங்களை மட்டும் பார்க்கிறேன். காலையில் எட்டு, மாலையில் எட்டு.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். செயலியை நீங்கள் நிறுவினீர்கள், இலக்கைச் செயலி வைத்தது. உங்கள் அப்பா எதை முடிவு செய்தார்?

மூத்த மகள்

ஐயா, உங்கள் கேள்வியை அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். இரவுச் செய்தியை அவரே நிறுத்தினார். ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு, தானே 2,300 என்று இலக்கு வைத்தார். நேற்று 2,340. படுக்கப் போன என்னை அழைத்துத் திரையைக் காட்டினார்.

திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். தன் மாத்திரைகளில் துடிப்பைக் குறைப்பது எது என்று தானே கேட்கப்போவதாகச் சொல்லி, சீட்டைச் சட்டைப்பையில் எடுத்து வைத்திருக்கிறார்.