அப்பாவோட ஷேர்ல பாதிக்கு மேல ஒரே பேங்க், எப்படிக் குறைக்கறது?

வணக்கம். அப்பா தவறினப்புறம் அவர் டீமேட்ல (ஷேர் வச்சிருக்கற கணக்கு) இருந்த ஷேரெல்லாம் டிரான்ஸ்மிஷன், அதாவது வாரிசுக்கு மாத்தறது, ஆகி என் பேருக்கு வந்துடுச்சு. சுமார் 38 லட்சம், அதுல பாதிக்கு மேல எச்டிஎஃப்சி பேங்க் மட்டும்தான். அவர் எச்டிஎஃப்சி (வீட்டுக்கடன் கம்பெனி), எச்டிஎஃப்சி பேங்க்னு ரெண்டையும் தனித்தனியாதான் வாங்கி வச்சிருந்தாரு, 2023 ஜூலைல ரெண்டும் மெர்ஜர் ஆனப்ப 25 எச்டிஎஃப்சி ஷேருக்கு 42 பேங்க் ஷேர்னு மாறி எல்லாம் ஒண்ணாயிடுச்சு. மீதி எஸ்பிஐ, ஐடிசி, கொஞ்சம் டிவிஎஸ். எல்லாமே 2018க்கு முன்னாடி வாங்கினது.

எனக்கு 41, ஈரோடு, கடன் இல்ல, எமர்ஜென்சிக்கு எஃப்டி தனியா இருக்கு, இந்தக் காசு பத்து வருஷத்துக்குத் தேவைப்படாது.

பரவலாக்கலாம்னு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட்ல (50 பெரிய கம்பெனி ஷேர்ல சேர்த்துப் போடற ஃபண்ட்) மாசா மாசம் எஸ்ஐபி போட்டேன், பார்த்தா அதுலயும் மேல நிக்கிறது அதே பேங்க்தான், அதனால இப்ப அதுக்கு அடுத்த 50 கம்பெனி இருக்கற நெக்ஸ்ட் 50க்கு மாத்தியிருக்கேன். புரோக்கர் ஆபீஸ்ல கேட்டா யூலிப் (இன்சூரன்ஸும் முதலீடும் சேர்ந்தது) பாலிசி எடுங்கங்கறாங்க (வேற என்ன சொல்லுவாங்க). ஆடிட்டர் 31-1-2018 விலையை வாங்கின விலையா எடுத்துக்கலாம், வருஷத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரைக்கும் டாக்ஸ் இல்ல, அதுக்கு மேல 12.5%னாரு, ஆனா எப்ப எவ்வளவு விக்கணும்னு கேட்டா அது என் வேலை இல்லன்னுட்டாரு.

அந்த 1.25 லட்சத்துக்குள்ள வருஷா வருஷம் கொஞ்சமா வித்து மாத்திட்டே போனா முடிய ரொம்ப வருஷம் ஆகும்போல, அதுவரைக்கும் எல்லாம் ஒரே கம்பெனிய நம்பித்தான் இருக்கும். டாக்ஸ் போனா போகுதுன்னு கட்டிட்டு இந்த வருஷமே பாதிய வித்துடலாமா, இல்ல மெதுவாவே போகலாமா? நீங்களா இருந்தா எதைப் பண்ணுவீங்க?