பாலிமர் பிரேம் பிஸ்டலுக்கு எந்த கிளீனர், எந்த எண்ணெய்?

புக்கிட்பாத்தோக்வாசி:
வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஒரு ஷூட்டிங் கிளப்பில் சேர்ந்து, லைசென்ஸ் கிடைத்து, இப்போதுதான் சொந்தமாக ஒரு கிளாக் 17 பிஸ்டல் வாங்கியிருக்கிறேன். துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையான ஆர்மரியிலேயே இருக்கும், சுடப் போகும் நாளில் மட்டும் கைக்கு வரும், அதனால் துடைப்பதும் அங்கேயேதான். தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ரைஃபிளைத் தேய் தேய் என்று தேய்த்தும் ஆர்ம்ஸ்கோட் (முகாமின் ஆயுத அறை) வாசலில் "இன்னும் கார்பன் இருக்கு" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அங்கே கையில் கொடுத்த எண்ணெயைப் போட்டோம், அவ்வளவுதான். இப்போது நானே பார்த்து வாங்க வேண்டும். பிரேம், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பகுதி, பாலிமர் என்பதால் கிளீனர் பட்டால் உருகுமா, வெளுக்குமா? பேட்டைக் கடையில் கிடைக்கும், வண்டி பிரேக்கைச் சுத்தம் செய்யும் பிரேக் கிளீனரை அடித்தால் போதும் என்கிறார் ஒருவர், டபிள்யூடி-40 போதும் என்கிறார் இன்னொருவர். சிஎல்பி என்று விற்கும் துப்பாக்கி எண்ணெய் ஒன்றே எல்லாவற்றுக்கும் சரிப்படுமா?

பழைய ரேஞ்ச்காரர்:
தம்பி, பிரேமைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். அது நைலான் வகைப் பாலிமர், எண்ணெயோ துப்பாக்கிக்கென்று விற்கும் கரைப்பான்களோ அதை ஒன்றும் செய்யாது. நைலானைக் கெடுப்பது கடுமையான அமிலம், ஃபீனால் போன்றவை, அதையெல்லாம் யாரும் துப்பாக்கிப் பக்கம் கொண்டு போக மாட்டார்கள். பிரேமுக்கு ஈரத்துணியில் ஒரு துளி பாத்திரச் சோப்பு, பழைய டூத்பிரஷ், அப்புறம் நன்றாக உலர்த்துவது, போதும்.

நீங்கள் பார்க்க வேண்டியது உலோகத்தைத்தான். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைக் கழற்றிவிட்டு பிரேமை மேலிருந்து பாருங்கள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சின்னச் சின்ன எஃகுத் தண்டவாளங்கள் தெரியும். ஸ்லைடு ஓடுவது அவற்றின் மேல்தான், பிளாஸ்டிக் மேல் அல்ல. அதனால் எண்ணெய் வேண்டிய இடங்கள் ரொம்பக் கொஞ்சம்: ஸ்லைடின் உள்பள்ளங்களில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, பேரலின் வெளிப்பக்கத்திலும் அதன் மேல்முகப்பிலும் விரலால் தடவிய மாதிரி ஒரு படலம், பிரேமின் பின்பக்க வலது மூலையில் ட்ரிகர் பாரும் (ட்ரிகரிலிருந்து பின்னால் போகும் தகடு) கனெக்டரும் (அது உரசும் சின்னத் தகடு) தொடும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள், ட்ரிகர் கரகரப்பது பெரும்பாலும் அதனால்தான்.

எண்ணெய் போகவே கூடாத இடங்களும் உண்டு. தோட்டாவின் அடியில் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் எண்ணெய் இறங்கினால் கரியும் தூசியும் அங்கே பசையாகிவிடும், அந்த ஊசி மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காது. மேகசினுக்குள்ளும் எண்ணெய் வேண்டாம். புதுத் துப்பாக்கி என்பதால் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை இருக்கும், அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்து எடுத்துவிடாதீர்கள், கம்பெனியே போட்டு அனுப்பும் மசகு அது.

இன்னொன்று, கிளாக்கைக் கழற்ற ட்ரிகரை இழுத்தே ஆக வேண்டும். மேகசினை எடுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகுதான் அது. துடைக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

ஒர்க்‌ஷாப்_மணி:
பிரேக் கிளீனரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தினமும் கையில் பிடிக்கிற சாமான் அது. குளோரின் கலந்தது, கலக்காதது என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையின் ஆவியை மூடிய அறையில் சுவாசிப்பது உடம்புக்குக் கேடு. இரண்டாவதில் பெரும்பாலும் அசிட்டோன் போன்றவை இருக்கும். நைலான் பிரேம் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் குறி பார்க்கும் சைட்டில் இருக்கும் வெள்ளைப் புள்ளி, ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) வைத்திருந்தால் அதன் லென்ஸ், வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த துணைப் பாகங்கள் இதெல்லாம் மங்கிப் போகும், வெடிப்பு விடும். அதைவிடப் பெரிய தொல்லை, உலோகத்தில் இருக்கும் எண்ணெயை மிச்சமில்லாமல் உரித்துவிடும். நம் ஊர்க் காற்றில் எண்ணெய் இல்லாத ஸ்பிரிங்கையும் பின்னையும் அப்படியே விட்டால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? டபிள்யூடி-40 நீரை விரட்டத்தான் 1953-இல் உருவானது. நனைந்த துப்பாக்கிக்கு அவசரத்துக்கு அடிக்கலாம், மசகாக நம்ப வேண்டாம், கொஞ்ச நாளில் காய்ந்துவிடும்.

ஈசூன்_9மிமீ:
அண்ணன்கள் சொன்னதோடு சேர்த்து: சிஎல்பி ஒன்றே தாராளமாகப் போதும், துடைக்கவும் வழுக்கவும் துருவைத் தடுக்கவும் சேர்த்துச் செய்த எண்ணெய் அது. பேரலுக்குள் கரி கெட்டியாகப் படிந்திருந்தால் மட்டும் ஹாப்பிஸ் நம்பர் 9 மாதிரி ஒரு கரைப்பானைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெண்கலப் பிரஷ்ஷைச் சேம்பர் பக்கமிருந்து விடுங்கள். அம்மோனியா கலந்த செம்பு நீக்கி 9 மிமீ பிஸ்டலுக்கு அடிக்கடி தேவைப்படாது. கையுறை போடுங்கள். தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் ஈயம் இருக்கிறது, அந்தக் கரியோடு போய் ஹாக்கர் சென்டரில் பரோட்டாவைப் பிய்க்காதீர்கள், முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சட்டையையும் தனியாகத் துவையுங்கள்.

புக்கிட்பாத்தோக்வாசி:
ரொம்ப நன்றி. கடைசியாக ஒன்று: நம் வெக்கைக்கு எண்ணெயா, கிரீஸா? இரண்டு மாதம் போக முடியாமல் துப்பாக்கி ஆர்மரியிலேயே கிடந்தால்?

பழைய ரேஞ்ச்காரர்:
கிளாக்குக்கு எண்ணெய் போதும். தண்டவாளத்தில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் வைப்பவர்களும் உண்டு, அது வழிந்து ஓடாது, தப்பில்லை. நம் ஊரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். ஸ்லைடும் பேரலும் நல்ல கோட்டிங் உள்ளவை, சீக்கிரம் துரு பிடிக்காது, பிடிப்பது பின்களிலும் ஸ்பிரிங்கிலும்தான். வைக்கும் முன் வியர்வைக் கைரேகைகளைத் துடைத்து, வெளியே தெரியும் உலோகத்தில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவல் தடவுங்கள். நுரைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், அந்தப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேறு வழியில்லை என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். திரும்பப் போகும் நாளில் சுடும் முன் பேரலுக்குள் உலர்ந்த துணியை ஒரு தடவை விட்டு எடுங்கள்.