ஐடிலில் இன்ஜின் தட்டும் ஓசை: பிரிப்பதற்கு முன் என்ன பார்க்கலாம்?

கேள்வி

வணக்கம். என் கார் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கொண்டது. சில வாரங்களாக, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில்) நிற்கும்போது, அடிப்பகுதியிலிருந்து ‘டக் டக்’ என்று கனத்த ஓசை வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து 1,500 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தாண்டினால் அது அடங்கிவிடுகிறது. நியூட்ரலில் உரக்கக் கேட்கும் ஓசை, பிரேக்கை மிதித்தபடி டிரைவுக்கு மாற்றினால் குறைகிறது. ஆயில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. வண்டியைப் பார்த்த மெக்கானிக், கனெக்டிங் ராடு பேரிங் (பிஸ்டனின் தண்டு கிராங்க் ஷாஃப்ட்டைப் பற்றும் இடத்தில் உள்ள பேரிங்) போய்விட்டது, இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார். அவ்வளவு பெரிய வேலைக்குச் சம்மதிக்கும் முன் நான் உறுதிசெய்துகொள்ள வேண்டியவை எவை?

பதில் 1

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் அது எரியும். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் பொருத்தி, சூடான ஐடிலில் அளந்து பார்ப்பதே சரியான வழி. பல பெட்ரோல் இன்ஜின்களில் அப்போது 10 முதல் 30 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை இருக்கும். ஆயினும் உங்கள் வண்டியின் சர்வீஸ் மானுவல் தரும் எண்ணையே முடிவாகக் கொள்ளுங்கள். அழுத்தம் அதற்குக் கீழே இருந்தால் இன்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து ஓசையின் தாளம். 800 ஆர்பிஎம் ஐடிலில், பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் நொடிக்குப் பதின்மூன்று முறைக்குச் சற்று மேலாகச் சுழலும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுழலும். வால்வுகளும் அவற்றைத் தள்ளும் டேப்பெட்டுகளும் எழுப்பும் ஓசைகள் இந்தப் பாதி வேகத்தில், மெலிதாக, மேலிருந்து வரும். கைபேசியில் பதிவுசெய்து வேகத்தைக் குறைத்துக் கேட்டால் வேறுபாடு புலப்படும்.

பதில் 2

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாதி வேகத் தாளம் என்பதாலேயே ஓசை வால்வுப் பக்கம்தான் என்று முடிவுகட்ட முடியாது. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் ஓசை, எரிப்பின் விசையில் பிஸ்டன் கீழிறங்கும் ஸ்ட்ரோக்கில்தான் பலமாகக் கேட்கும். அதுவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே வரும். ஆனால் அது குளிர்ந்த இன்ஜினில் மிகுந்து, சூடேறியதும் குறையும் இயல்புடையது. உங்கள் வண்டியிலோ நேர்மாறாக இருக்கிறது.

பேரிங்கைச் சந்தேகிப்பவர் செய்தே ஆக வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் மின் இணைப்பைக் கழற்றி, மீண்டும் ஓடவிட்டுக் கேளுங்கள்; பிறகு அதை மாட்டிவிட்டு அடுத்த சிலிண்டருக்குச் செல்லுங்கள். பேரிங் தேய்ந்த சிலிண்டரில் எரிப்பு நின்றால் ராடின் மேல் விழும் அடி குறைவதால், ஓசை தெளிவாக மங்கும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றிச் சோதிப்பவர்களும் உண்டு. அப்போது எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சென்றடைந்து அதைக் கெடுக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எந்தச் சிலிண்டரை நிறுத்தினாலும் ஓசை அப்படியே இருந்தால், ராடு பேரிங் என்ற முடிவு வலுவிழக்கிறது.

உங்கள் விவரத்தில் என் கவனத்தை ஈர்த்தது, டிரைவில் போட்டதும் ஓசை குறைகிறது என்பதுதான். கிராங்க் ஷாஃப்ட்டையும், இன்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டில் விரிசல் இருந்தாலோ, அதன் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலோ, சுமையற்ற ஐடிலில் பேரிங் ஓசையைப் போலவே கனமாகத் தட்டும். சுமை ஏறியதும் தளர்ச்சி ஒரு பக்கமாக இறுகி, ஓசை மாறும். இதைப் பேரிங் என்று எண்ணி நல்ல இன்ஜின்களைப் பிரித்துவிடுவது வருத்தமான செய்தி. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கீழே உள்ள மூடியைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றியபடி, ஒவ்வொரு போல்ட்டாகப் பாருங்கள்.

பதில் 3

இன்ஜினோடு இணைந்த துணைப் பாகங்களையும் விட்டுவிடக் கூடாது. இன்ஜின் நின்ற நிலையில் வெளி பெல்ட்டைக் கழற்றி, பின்பு சில நொடிகள் மட்டும் ஓடவிட்டால், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், டென்ஷனர் ஆகியவற்றின் ஓசை நின்றுவிடும். பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது என்பதால் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது.

ஆக்டேன் மிகுந்த பெட்ரோல் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அதில் பயனிருக்காது. எரிபொருள் முறையற்று எரிவதால் வரும் நாக்கிங், பெரும்பாலும் இன்ஜின் சுமை இழுக்கும்போதுதான் வரும். கெட்டியான ஆயில் ஊற்றி ஓசையை அடக்குவதும் நோயை மறைப்பதே. பேரிங் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று அறிய, பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி அதன் மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மின்னும் துகள்கள் மிகுதியாக இருந்தால், வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஆயில் அழுத்தம் மானுவலில் உள்ள அளவுக்குள் இருந்தது. ஃபில்டரில் உலோகத் துகள் இல்லை. எந்த இன்ஜெக்டரைக் கழற்றியபோதும் ஓசை மங்கவில்லை. கீழ் மூடியைத் திறந்து பார்த்ததில், டார்க் கன்வெர்ட்டர் போல்ட்டுகள் இரண்டு தளர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்றின் துளையை ஒட்டி ஃப்ளெக்ஸ் பிளேட்டில் மெல்லிய விரிசல் தெரிகிறது. போல்ட்டுகளை இறுக்கிவிட்டு ஓட்டலாமா?

பதில் 2 எழுதியவர்

வேண்டாம். விரிசல் கண்ட பிளேட் மேலும் பிளந்துகொண்டே போகும். முற்றிலும் உடைந்தால் வண்டி நின்றுவிடும். கியர்பாக்ஸை இறக்கிப் புதிய பிளேட் போடச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை இன்ஜினோடு நேராக நிறுத்தும் டவல் பின்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று அப்போதே பார்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால் புதிய பிளேட்டும் விரைவில் விரிசல் காணும். போல்ட்டின் நீளம் மாறக் கூடாது, ஏனெனில் நீண்ட போல்ட் கன்வெர்ட்டரின் உடலை உள்நோக்கி அழுத்திக் கெடுக்கும். மானுவலில் உள்ள டார்க் (இறுக்கும் திருப்புவிசை) அளவுக்கே அவற்றை இறுக்க வேண்டும். மீண்டும் பொருத்தும்போது, கன்வெர்ட்டர் கியர்பாக்ஸின் ஆயில் பம்பில் முழுவதும் சென்று அமர்ந்ததை உறுதிசெய்த பிறகே இன்ஜினோடு சேர்க்க வேண்டும். அமராத நிலையில் போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் உடைந்துவிடும்.