இட்டேரிக்குள்ள திரும்பற வண்டி

குழு: சாளைத் தோட்டம் 🌴🐄

வியாழன், ராத்திரி 8:14

நான்: எல்லாரும் கொஞ்சம் பாருங்க. தோட்டத்துக்கு ஒரு லோடு வண்டி வாங்கறதுன்னு நானும் கோகுல் அப்பாவும் முடிவு பண்ணிட்டோம். என்ன வண்டின்னுதான் தெரியல. நீங்கெல்லாம் ஓட்டிப் பழகினவங்க, சொல்லுங்க.

நான்: இன்னைக்கும் வாடகை வண்டிக்காரர் வரல, போனும் எடுக்கல. 70 லிட்டர் பால், ரெண்டு கேன். டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டுல ஒண்ணொண்ணா ரெண்டு நடை போனேன். ரெண்டாவது கேனோட போய் நிக்கறப்ப பால் சொசைட்டியில கணக்கு முடிச்சுட்டாங்க.

நங்கை: அட சாமி. அந்தப் பால என்ன பண்ணினே?

நான்: பாதிய அக்கம்பக்கம் குடுத்தேன் நங்கை. மீதி தயிருக்கு உறை ஊத்தி வெச்சிருக்கேன்.

அண்ணன்: ஏம்மணி, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமல்ல

நான்: தாராபுரத்துல இருந்து நீங்க வந்து சேரறதுக்குள்ள பால் திரிஞ்சிருக்குங்கண்ணா

அண்ணன்: சரி, யோசிக்கறதுக்கே வேலை இல்ல. என்ற மாதிரி பொலிரோ பிக்கப் எடுத்துரு. 1.7 டன் ஏத்தலாம், ஒம்பதடி பாடி. ஏழு வருசமா தக்காளி, வெங்காயம், தேங்காய்னு அடிக்காத லோடு இல்ல. ஒரு நாள் கூட என்னை நடுரோட்டுல நிறுத்துனதில்ல.

அப்பா: 🎤 1:12

கோகுல்: அம்மா, அத்தை வேலையில இருப்பாங்க, வாய்ஸ் கேக்க முடியாது. அப்புச்சி பேசினத எழுதிடறேன். "மினி டிராக்டர் எடு கண்ணு. நாலு சக்கரமும் இழுக்கும். மழைக்காலத்துல தோப்புக்குள்ள எந்த வண்டியும் போகாது, டிராக்டர் ஒண்ணுதான் போகும். ட்ரெய்லர் மாட்டினா லோடு வண்டி, கழட்டினா உழவு வண்டி." அவ்வளவுதான். கடைசியா "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா"ன்னு கேட்டாரு.

நான்: காட்டியாச்சுங்கப்பா

அப்பா: 👍

குமார் தம்பி: அக்கா, ஒர்க்‌ஷாப்ல இருக்கேன், வீட்டுக்குப் போய் எழுதறேன். அதுக்குள்ள ஒண்ணு பண்ணுங்க. ஒரு நாளைக்கு என்னென்ன, எத்தனை கிலோ, எங்கிருந்து எங்க போகுதுன்னு எழுதிப் போடுங்க. வண்டி பேரெல்லாம் அப்புறம் பேசலாம்.

9:40

நான்: எழுதிட்டேன் தம்பி.
காலைல பால் ரெண்டு கேன், சொசைட்டிக்கு 3 கிலோமீட்டர். கேனோட சேத்தா 90 கிலோவுக்குள்ள.
குத்தகைக் காட்டுல இருந்து தீவனப்புல். எட்டு மாடு, மாட்டுக்கு 25 கிலோன்னு வெச்சா 200 கிலோ. தினமும்.
மாட்டுத்தீவனம், புண்ணாக்கு மூட்டை 50 கிலோ. பதினஞ்சு நாளைக்கொருக்கா பத்து மூட்டை.
45 நாளைக்கொருக்கா தேங்காய். ஆறு ஏக்கர்ல 420 மரம், ஒரு வெட்டுக்கு 4000 காய்க்குக் கொறையாது. தோப்புல இருந்து களத்துக்கு 300 மீட்டர்தான். அங்கிருந்து வியாபாரி லாரி எடுத்துக்கும்.
வருசத்துக்கு ரெண்டு தடவை சோளத்தட்டு.

குமார் தம்பி: பாத்தீங்களா, தினமும் ஓடற லோடு 300 கிலோ. மாசம் ரெண்டு தடவை அரை டன். 1.7 டன் உங்களுக்கு எப்ப வேணும்? தட்டு ஏத்தற ரெண்டு நாள்ல. அந்த ரெண்டு நாளுக்காக மீதி நாளெல்லாம் பெரிய வண்டிய காலியா ஓட்டறது தேவையில்லாத செலவு.

குமார் தம்பி: இன்னொண்ணுங்க. பின்சக்கரம் இழுக்கற வண்டி காலியா இருந்தா சேத்துல நிக்காது. பின்னால பாரமே இல்லாததால சக்கரம் ஒரே இடத்துல சுத்தும். பெரிய வண்டி எந்நேரமும் காலியாத்தான் போகும்னா மழைக்கு இன்னும் மோசம். சின்ன வண்டியில முக்கால்வாசி லோடு இருக்கறப்ப பிடிமானம் நல்லா இருக்கும்.

அண்ணன்: பிக்கப்லயும் நாலு சக்கரம் இழுக்கறது இருக்குது குமாரு

குமார் தம்பி: இருக்குதுங்கண்ணா. விலையும் கூட, பராமரிப்பும் கூட. அக்கா வருசத்துல எத்தனை நாள் சேத்துல ஓட்டப் போறாங்க? ஐப்பசி, கார்த்திகைன்னு ரெண்டு மாசம்.

அண்ணன்: சரி, 4000 காய்க்கு என்ன பண்ணுவே? மட்டையோட ஒரு காய் 1.2 கிலோன்னாலும் அஞ்சு டன் வருது

கோகுல்: மாமா, முக்கால் டன் வண்டின்னா ஒரு நடைக்கு 600 காய். ஏழு நடை. 300 மீட்டர்தானே, அரை நாள்ல முடிஞ்சிரும்.

நான்: இப்பவும் டிராக்டர் வரட்டும்னு ரெண்டு நாள் காத்துக் கெடக்கறோம். அதுக்கு ஏழு நடை எவ்வளவோ மேல்.

வெள்ளி, காலை 7:05

நான்: [படம்: பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) கிளை வாய்க்கால் பாலம். ரெண்டு பக்கமும் பெயர்ந்த கைப்பிடிச் சுவர், குறுக்கே விரிச்ச டேப்]

நான்: தோட்டத்துக்கு வர்ற வழியில இருக்கற பாலத்தை அளந்தேன். சுவருக்குச் சுவர் ஆறே முக்காலடி. பாலம் இறங்கினதுமே நம்ம இட்டேரித் தடம் சோத்துக்கை பக்கம் ஒடியுது. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி. வேலிய வெட்டலாம்னா ஒரு பக்கம் நம்முளுது, இன்னொரு பக்கம் நம்முளுது இல்ல.

குமார் தம்பி: இதுதான் வேணுங்க அக்கா. பிக்கப் 1700 மில்லிமீட்டர் அகலம், அஞ்சரை அடிக்கு மேல. பாலத்துல நேரா நுழைஞ்சிரும். நீளம் ஜாஸ்திங்கறதால திரும்பாது. டாடா ஏஸ் 1500 மில்லிமீட்டர், மாருதி சூப்பர் கேரி 1562. ரெண்டும் 4.3 மீட்டர் ஆரத்துல வட்டம் அடிக்கும்.

அண்ணன்: அந்தத் திருப்பத்துல ரெண்டு தடவை முன்ன பின்ன எடுத்தா திரும்பிரும். நான் ஓட்டியிருக்கறனே

நான்: அண்ணா, ஒண்ணு சொன்னா வருத்தப்படாதீங்க.

நான்: போன புரட்டாசியில நம்ம செவலை மாடு கன்னு போட முடியாம கெடந்தப்ப ராத்திரி பதினொண்ணே காலுக்கு உங்க வண்டிதான் வந்துச்சு. அன்னைக்குன்னு நீங்க உடுமலைல இருந்தீங்க, பிக்கப்ப எடுத்துட்டு ஓடியாந்தீங்க. அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா வண்டி பாலத்துலயே நின்னு போச்சு. முன்ன பின்ன எடுத்து எடுத்து பின்சக்கரம் மண்ணுல எறங்கிருச்சு. கட்டுத்தரையில இருந்து பாலத்துக்கு 400 மீட்டர் செவலைய மழையில நடத்திட்டு வந்தோம். கன்னோட ரெண்டு காலும் வெளிய தெரியுது, அவ நடக்கறா. ரெண்டு எடத்துல படுத்துட்டா. ஆஸ்பத்திரி போனதுக்கப்புறம் டாக்டர் மாட்ட காப்பாத்திட்டாரு. கன்னு போயிருச்சு. கெடேரிக் கன்னு.

நான்: அன்னையில இருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். வண்டி கட்டுத்தரை வாசலுக்கு வரோணும். அத நானே ஓட்டோணும்.

7:31

நங்கை: அழுதுட்டேன் அம்மணி. நீ சொல்றதுதான் சரி.

அப்பா: 🎤 0:19

கோகுல்: அப்புச்சி: "செவலை இப்ப ஏழு மாசச் சினை. அதுக்குள்ள வாங்கு."

8:02

அண்ணன்: சரிம்மணி. சின்ன வண்டியே எடு. தட்டு ஏத்தறதுக்கு என்ற வண்டி இருக்குது, ரோடு வரைக்கும் நான் கொண்டாந்து போட்டறேன். எப்ப வேணுமோ ஒரு போன் போடு.

நான்: 🙏🙏

நான்: அப்பா, டிராக்டர் வேண்டாம்னு நெனைச்சுக்காதீங்க. உழவு நமக்கு வருசத்துக்கு மூணு தடவை. அதுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையே உழவன் செயலியில பதிஞ்சு வாடகைக்கு எடுத்துக்கலாம். வெள்ளன அஞ்சரைக்கு ட்ரெய்லரோட மெயின் ரோட்டுல பால் கொண்டு போறதுதான் எனக்குப் பயம்.

அப்பா: செரி கண்ணு

கோகுல்: அம்மா, விலையும் கொறைஞ்சிருக்குது. 2025 செப்டம்பர் 22ல இருந்து சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதம் ஆயிருச்சு. டிராக்டருக்கு 12ல இருந்து 5. இத அப்புச்சிகிட்ட சொல்லாதீங்க, மறுபடியும் டிராக்டர்னுவாரு 😊

நங்கை: அம்மணி, லோடு வண்டி ஓட்ட லைசென்ஸ் தனியா எடுக்கோணுமா? உன்கிட்ட கார் லைசென்ஸ்தானே இருக்குது?

குமார் தம்பி: தேவையில்லீங்க. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு நீதிபதிங்க தீர்ப்பு சொல்லிட்டாங்க. 7500 கிலோவுக்குள்ள இருக்கற வண்டிய எல்எம்வி லைசென்ஸ், அதாவது உங்க கார் லைசென்ஸ் வெச்சே ஓட்டலாம். மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள இருக்கறதால பர்மிட்டும் வேண்டியதில்ல. ஆனா மஞ்ச போர்டுதான். எஃப்.சி. (தகுதிச் சான்று) எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கொருக்கா, அதுக்கப்புறம் வருசா வருசம்.

குமார் தம்பி: இத ரொம்ப கண்டிப்பா சொல்றேன் அக்கா. தேங்காய் வெட்டுக்கு வர்ற ஆளுங்கள பின்னால ஏத்தாதீங்க. சரக்கு வண்டியில ஆள ஏத்தறது சட்டப்படி தப்பு. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கெடைக்காமயே போயிரலாம். எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு வண்டியில அப்படி நடந்து ஒரு அம்மாவுக்கு இடுப்பு ஒடைஞ்சு போச்சு. ஓனர் இன்னும் கட்டிட்டு இருக்காரு.

நான்: ஏத்த மாட்டேன் தம்பி. அவங்கள பஸ்ஸுல வரச் சொல்லி காசு குடுத்தறேன்.

மதியம் 1:20

கோகுல் அப்பா: இப்பதான் லேத்துல சாப்பாட்டு நேரம், எல்லாத்தையும் படிச்சேன். பழைய வண்டி ஒண்ணு சொன்னாங்க, எட்டு வருச டீசல் வண்டி. விலை பாதிதான். பாக்கலாமா?

குமார் தம்பி: மச்சான், அந்த வண்டிய நான் பாத்துட்டேங்க. செங்கல் லோடு அடிச்ச வண்டி. சேஸிஸ்ல ரெண்டு எடத்துல வெல்டிங் வெச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பின்னால ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை சேத்திருக்காங்க, எவ்வளவு பாரம் ஏத்தினாங்கன்னு அதுலயே தெரியுது. கடன் வேற அடையல, ஆர்.சி.யில கடன் பதிவு (ஹெச்.பி.) அப்படியே நிக்குது. வேண்டாம்.

கோகுல் அப்பா: அப்ப புதுசே எடுத்துரலாம். டீசலா பெட்ரோலா?

குமார் தம்பி: பெட்ரோல். அக்கா ஓட்டறது 3 கிலோமீட்டர், நிறுத்தி மறுபடி 2 கிலோமீட்டர். பிஎஸ்6 (புதுப் புகை விதி) டீசல் வண்டி நெறையத்துல சைலென்சர்ல கரி பிடிக்கற ஃபில்டர் இருக்குது. நல்லா சூடாகற அளவுக்கு ஓடினாத்தான் அது தானே எரிஞ்சு சுத்தமாகும். சின்னச் சின்ன ஓட்டம்னா அடைச்சு லைட் எரிய ஆரம்பிச்சிரும். தினமும் 100 கிலோமீட்டர் ஓடறவங்களுக்கு டீசல் சரி.

நான்: பெட்ரோல்னா செலவு கட்டுமா?

கோகுல் அப்பா: வாடகை வண்டிக்கு பால் நடைக்கு மட்டும் மாசம் 9000 குடுக்கறோம். புல்லு நடை தனி. கணக்குப் போட்டுட்டேன், கட்டும்.

ஞாயிறு, மாலை 5:48

நான்: ரெண்டு வண்டியும் ஓட்டிப் பாத்தேன். குமார் தம்பி தெரிஞ்சவங்ககிட்ட ரெண்டையும் ஒரு மணி நேரம் வாங்கிட்டு வந்துச்சு. பத்து மூட்டை தீவனம் ஏத்திட்டு பாலத்துல ஏத்தினோம்.

நான்: ரெண்டுமே நுழைஞ்சது, திரும்புச்சு. ஏஸ்ல இடம் கூட மிச்சம் இருந்துச்சு. ஆனா ஈர மண்ணுல பாலத்து ஏத்தம் ஏறறப்ப சூப்பர் கேரிதான் முக்காம ஏறுச்சு. 1.2 லிட்டர், நாலு சிலிண்டராம். எனக்கு முக்கியமா கிளச் கால் முழுசா எட்டுது, முதுகுக்குத் தலகாணி வெக்காமயே. நான் அஞ்சடி இல்ல, அது உங்களுக்கெல்லாம் தெரியும்.

குமார் தம்பி: ஏஸ் உதிரி பாகம் எந்த ஊர்லயும் கெடைக்கும், அது பெரிய வசதி. ஆனா அக்காவுக்கு எது கைக்கு வருதோ அதுதான். சர்வீசுக்கு நான் இருக்கேன்.

அப்பா: குட்டியானையா எடுத்தே

கோகுல்: இல்லீங்க அப்புச்சி, குட்டியானைங்கறது டாடா ஏஸ், இது வேற கம்பெனி

அப்பா: சின்ன லோடு வண்டி எல்லாம் குட்டியானைதான் சாமி

அண்ணன்: அம்மணி, பின்னால பாடிக்கு ரப்பர் மேட்டு போட்டுரு. மாட்டு மூத்திரம் தகரத்தைத் தின்னுரும். ஒவ்வொரு தடவையும் தண்ணி அடிச்சு, இடுக்குல எல்லாம் கை விட்டுக் கழுவோணும். மாடு ஏத்தறப்ப வைக்கோல் பரப்பிக்க, வழுக்காது.

நான்: சரிங்கண்ணா. ஏத்தறதுக்கு கட்டுத்தரை ஓரமா மண்ணுல ஒரு மேடு போடச் சொல்லிட்டேன். கதவு எறக்கினா சமமா நிக்கும்.

செவ்வாய் (மூணு வாரம் கழிச்சு), காலை 6:11

நான்: [படம்: பால் சீட்டு, 6:05. பக்கத்துல ரெண்டு காலிக் கேன், மாலை போட்ட வண்டி]

நங்கை: 😍😍 சுத்திப் போடு மொதல்ல

கோகுல் அப்பா: 👏

குமார் தம்பி: ஆயிரம் கிலோமீட்டர்ல மொத சர்வீஸ் அக்கா, மறந்துராதீங்க

அப்பா: 🎤 0:07

கோகுல்: அப்புச்சி: "செவலைய ஒருக்கா ஏத்திப் பழக்கு. அவசரத்துல மெரளக் கூடாது."

நான்: இன்னைக்கு சாயங்காலம் ஏத்தறேனுங்கப்பா

அண்ணன்: பாலத்துல திரும்புச்சா?

நான்: ஒரே ஒடிப்புல திரும்புச்சுங்கண்ணா. பின்னால எடுக்கவே இல்ல.