தயாரிப்பாளரிடமே பழுதுபார்க்க அனுப்பிய துப்பாக்கிகள்: அனுபவப் பகிர்வு

பத்து மீட்டர்

தயாரிப்பு நிறுவனத்தின் பழுதுநீக்கப் பிரிவுக்குத் துப்பாக்கியை அனுப்பியவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டுகிறேன். என்னுடையது காற்றழுத்தப் போட்டி ரைஃபிள். சிறிது நேரம் சும்மா வைத்துவிட்டு எடுத்தால் முதல் குண்டு மட்டும் மேலே ஏறிப் பட்டது. அதற்கடுத்தவை ஒழுங்காக நடுவில் சேர்ந்தன. ரெகுலேட்டர் கசிவு என்று இதைப் படிக்கும் பலருக்கும் உடனே தோன்றியிருக்கும். சிலிண்டரில் 200 பார் வரை அடைக்கப்படும் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, அளவாக அறைக்குள் விடும் அந்த வால்வு அமரும் இடத்தில் நூலளவு கீறல் விழுந்தாலே போதும், துப்பாக்கி ஓய்ந்திருக்கும்போது காற்று மெல்ல ஊறி அறையின் அழுத்தம் ஏறிவிடும். பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டமே 0.5 மில்லிமீட்டராக இருக்கும் விளையாட்டில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

இவை அனைத்தையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, உறையிலிட்டு, துப்பாக்கியோடு பெட்டியில் வைத்து அனுப்பினேன். திரும்பி வந்த பெட்டியின் மேல்பகுதியில் ஐந்து குண்டுகளும் ஒரே துளையாகப் பதிந்த சோதனை அட்டையும், "பரிசோதிக்கப்பட்டது, குறை எதுவும் காணப்படவில்லை" என்ற ஒற்றை வரியும் இருந்தன. அதற்குக் கீழே, பஞ்சு மெத்தையின் இடுக்கில், நான் அனுப்பிய உறை ஒட்டியது ஒட்டியபடியே பிரிக்கப்படாமல் கிடந்தது. தொலைபேசியில் கேட்டபோது, குறையை விண்ணப்பப் படிவத்தில் மட்டுமே குறிப்பிட வேண்டும் என்றும், பெட்டிக்குள் வரும் தாள்களைப் பணிமேசையில் இருப்பவர்கள் பார்ப்பதில்லை என்றும் பொறுமையாக விளக்கினார்கள். படிவத்தில் அதற்கென இருந்த கட்டத்தில் நான்கு சொற்களுக்கு மேல் எழுத இடமில்லை. துப்பாக்கியை ஓய்வில் வைத்து முதல் குண்டைச் சோதித்தீர்களா என்ற என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இரட்டைக்குழல்

உங்கள் கடிதத்தையாவது தொடாமல் திருப்பி அனுப்பினார்கள். என் துப்பாக்கியில் தொட வேண்டாத இடத்தையெல்லாம் தொட்டுவிட்டார்கள். தந்தையார் பயன்படுத்திய ஷாட்கன் அது, இரு குழல்களும் பக்கம்பக்கமாக அமைந்தது. குழலுக்கும் பின்முகத்துக்கும் இடையே தளர்வு கண்டிருந்ததால் கீல் முளையைச் சரிசெய்து தருமாறு மட்டும் கேட்டேன். அந்த வேலையை அவர்கள் மிக நேர்த்தியாகச் செய்திருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துப்பாக்கியை உலுக்கிப் பார்த்தால் இப்போது சிறு சத்தம்கூட எழுவதில்லை.

ஆனால் பெட்டியைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது மரக்கட்டைதான். பழைய எண்ணெய் மெருகு முழுவதையும் தேய்த்தெடுத்து, கண்ணாடிபோல் மின்னும் வார்னிஷ் பூசியிருந்தார்கள். பிடியில் குறுக்குநெடுக்காகச் செதுக்கியிருந்த பிடிமானக் கோடுகள், தந்தையாருடைய பெருவிரல் படும் இடத்தில் மட்டும் மழுங்கி வழவழப்பாக இருந்தன. அந்த இடத்தையும் புதிதாகக் கூராக வெட்டிவிட்டார்கள். கட்டணச் சீட்டில் "கட்டை புதுப்பித்தல்: இலவசம்" என்று எழுதியிருந்தது. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனாலேயே யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை.

நோ-கோ

முதலில் எழுதிய நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். படிவத்தில் எழுத வேண்டியதைக் கடிதத்தில் எழுதிவிட்டு நிறுவனத்தைக் குறை கூறுவது சரியன்று. நாள்தோறும் பெட்டிகள் குவியும் பணிமனையில் வேலைச்சீட்டில் உள்ளதைத்தான் செய்வார்கள். என் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைப் பொறுத்தவரை, தோட்டாக் கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம் ஒன்று தெரிந்தது. உடனே சுடுவதை நிறுத்தி, சுட்டு முடிந்த அந்த வெற்றுக் கூடுகளையும் சேர்த்து அனுப்பினேன். ஹெட்ஸ்பேஸ், அதாவது அறையில் அமர்ந்த தோட்டாவுக்குப் பின்னால் போல்ட் வரை விடப்படும் இடைவெளியின் அளவு, கூடியிருந்ததைக் கண்டறிந்து சரிசெய்து தந்தார்கள். என் கதை அவ்வளவுதான்.

இனி அனுப்பப் போகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே பெட்டியைத் தொடுங்கள். தோட்டாவைத் துப்பாக்கியுடன் ஒரே பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள். காற்றழுத்தத் துப்பாக்கியாயின் சிலிண்டரில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். அதில் பொறித்துள்ள தயாரிப்பு நாளையும் பாருங்கள், ஏனெனில் பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு கடந்த சிலிண்டரைத் தொடவே மாட்டார்கள். தொலைநோக்கி, தோள்வார், நீங்களாக மாற்றிய உதிரி பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வேற்று நிறுவன விசைத் தொகுதியைக் கண்டால் அதை நீக்கித் தங்கள் சொந்தப் பாகத்தைப் பொருத்தி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. விசையின் இழுவிசையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் பிஸ்டலுக்கு 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்ற விதி இருப்பதால், திரும்பி வந்ததும் மீண்டும் எடைக்கல்லில் தூக்கிப் பார்க்காமல் போட்டிக்குச் செல்லாதீர்கள். மரக்கட்டையை எல்லாப் பக்கமும் படமெடுத்து வையுங்கள். குழலையோ போல்ட்டையோ மாற்றித் தருகிறார்கள் என்றால், உங்கள் நாடு சி.ஐ.பி. (துப்பாக்கிகளின் அழுத்தச் சோதனைக்கான பன்னாட்டு ஆணையம்) உடன்பாட்டில் சேர்ந்திருந்தால், மீண்டும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்திப் புதிய முத்திரை பதிக்கப்பட்டதா என்று பாருங்கள். செய்யக்கூடாத வேலை எது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். இதைச் செய்திருந்தால் இரட்டைக்குழல் நண்பருக்கு இந்த வருத்தமே நேர்ந்திருக்காது.

பத்து மீட்டர்

நோ-கோ ஐயா, படிவத்திலும் "ஓய்வுக்குப் பின் முதல்குண்டு மேலேறுகிறது" என்று எழுதித்தான் அனுப்பினேன். அந்த நான்கு சொற்களைப் படித்த ஒருவர், சூடாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஐந்து குண்டுகளைச் சுட்டுவிட்டுக் குறையில்லை என்று எப்படி எழுத முடியும் என்பதே என் கேள்வி.

புது எண்

எனக்குப் பழுதுபார்ப்பில் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை. பிஸ்டலின் சட்டகத்தில், ஸ்லைடு எனப்படும், முன்பின் நகரும் மேல்பகுதி ஓடும் தண்டவாளத்தை ஒட்டி மயிரிழை போன்ற விரிசல் தென்பட்டது. அனுப்பினேன், கட்டணம் எதுவும் வாங்காமல் சட்டகத்தையே மாற்றி அனுப்பிவிட்டார்கள். பதிவெண் பொறிக்கப்படுவது சட்டகத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். புதிய சட்டகம் என்றால் புதிய எண்.

உரிமத்தைப் புதுப்பிக்கச் சென்றபோது, அலுவலர் துப்பாக்கியிலிருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்தார். அவருடைய மற்றொரு கையின் விரல் உரிமத்தில் இருந்த எண்ணின் மீது அதற்கேற்ப நகர்ந்தது. மூன்றாம் இலக்கத்தில் விரல் நின்றுவிட்டது. அவர் தலை நிமிர்ந்து, "இந்த உரிமத்தில் உள்ள துப்பாக்கி எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கடுமை எதுவும் இல்லை. ஆயினும் உரிமமில்லாத ஆயுதத்தோடு அரசு அலுவலகத்தில் நிற்பவன் நான் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. பழைய சட்டகம் அழிக்கப்பட்டது என்று நிறுவனம் சான்றுக் கடிதம் அனுப்பும் வரை துப்பாக்கி அந்த அலுவலகத்தின் பாதுகாப்பில் இருந்தது. எண் மாறியிருக்கிறது என்று பெட்டியின் மேல் ஒரு வரி எழுதியிருந்தால், வீட்டில் இருந்தபடியே முன்கூட்டித் தெரிவித்திருப்பேன்.

சீயர்

நோ-கோ ஐயாவின் குறிப்புகள் பயனுள்ளவை. ஆனால் பொறுப்பு முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் ரெமிங்டன் நிறுவனம் எக்ஸ்-மார்க் ப்ரோ விசை பொருத்திய தன் 700, செவன் வகை ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது ஒட்டுப்பொருள் அளவுக்கு அதிகமாக இடப்பட்டதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2017 ஆகஸ்டில் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்பது வெளியான பிறகு, அந்நிறுவனம் எடை குறைந்த விசை முதலிய மாற்றங்களைத் தன் செலவிலேயே செய்து தருவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட குறைகளைப் படிவத்தின் கட்டத்தில் எழுதும் அளவுக்குப் பயன்படுத்துபவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டியது செய்தவரின் கடமை.

அந்தக் கடமையை உணர்ந்த ஒருவரை நான் அறிவேன். பாதுகாப்புப் பொத்தானை விடுவிக்கும்போது சுத்தியல் நழுவுகிறது என்று எழுதி என் ரைஃபிளை அனுப்பியிருந்தேன். பணிமனையிலிருந்து தொழில்நுட்பர் ஒருவர் தாமே அழைத்து, எந்த வெப்பநிலையில் பயன்படுத்துகிறேன், என்ன எண்ணெய் இடுகிறேன், விசையின் திருகை யாராவது தளர்த்தினார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "விரல் விசையில் இருந்ததா, வெளியே இருந்ததா?" என்று அவர் இரண்டு முறை கேட்டது நினைவிருக்கிறது. திரும்பி வந்தபோது, விசையை இழுக்கும்வரை சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சீயர் என்ற பாகத்தை, தேய்ந்த பழையதை, ஒரு சிறு உறையிலிட்டு, தேய்ந்த விளிம்பைச் சிவப்பு மையால் குறித்து, அளவைக் கைப்பட எழுதி வைத்திருந்தார். வெறும் கண்ணுக்கு அந்த விளிம்பின் மழுங்கல் தெரிவதேயில்லை. உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் மட்டும் ஓரம் உருண்டிருப்பது தெரிகிறது.

பத்து மீட்டர் நண்பரே, மீண்டும் அனுப்புவதாக இருந்தால், துப்பாக்கியை ஓய்வில் வைத்த பின் சுட்ட முதல் குண்டின் வேகத்தையும், தொடர்ந்து சுட்ட குண்டுகளின் வேகத்தையும் வேகமானியில் அளந்து அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டே எண்களானால் அந்த இடம் போதும்.

இரட்டைக்குழல்

படமெடுத்து வைத்திருக்கலாமே என்கிறார் நோ-கோ. படங்கள் என்னிடம் இருக்கின்றன, ஐயா. அவற்றைக் காட்டி, வார்னிஷை நீக்கிவிட்டு மீண்டும் எண்ணெய் மெருகு ஏற்றித் தர ஒரு தச்சர் இசைந்திருக்கிறார். பிடிமானக் கோடுகளை மட்டும் தொட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.