சிம்னியின் கரி ஃபில்டருக்கு மாற்று தேடுகிறேன்

எங்களுடையது 60 செ.மீ. அகலமுள்ள, வெளியே செல்லும் குழாய் இல்லாமல் காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகைச் சமையலறைச் சிம்னி. சில மாதங்களாக, அது முழு வேகத்தில் ஓடினாலும் எண்ணெய் நெடி அகலுவதில்லை.

அலுமினிய வலை ஃபில்டரைச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டியதும், காகிதத்தைக் காட்டினால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு உறிஞ்சுதிறன் திரும்பியது. நெடி மட்டும் குறையவில்லை. ஆகவே கோளாறு, நெடியை ஈர்க்கும், கழுவிப் பயனில்லாத கரி ஃபில்டரில்தான் என்று கணிக்கிறேன். மாடல் எண் ஒட்டிய தாள் பிசுக்கேறி அழிந்துவிட்டது. கரி ஃபில்டர் வட்டமானது, விட்டம் 17.5 செ.மீ., மோட்டாரின் இருபுறமும் ஒவ்வொன்று உண்டு. எல்லாச் சிம்னிக்கும் பொருந்தும் என்று விற்கப்பட்டதை வாங்கினேன். விட்டம் சரியாக இருந்தும், திருகிப் பூட்டும் காதுகள் இடம் மாறியிருந்தன. அதற்குப் பதில் கரி ஊட்டிய ஃபில்டர் துணியை வெட்டி வைக்கலாமாம், மோட்டார் அதை உள்ளிழுத்துவிடுமோ என்று தயங்குகிறேன்.

மாடல் எண் இல்லாத நிலையில், விட்டத்தைத் தவிர வேறு எந்த அளவுகளைக் கொண்டு சரியான கரி ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது?